ரெங்கத்துக்கு வாழ வருகிறவர்கள்

வெளிநாட்டில் பெண் எடுத்தாலும் மாப்பிள்ளை எடுத்தாலும், அவரை மலேசியாவுக்கு அழைத்துவந்து குடித்தனம் வைப்பது இரண்டு அலுவலகங்களின் கையில் இருக்கிறது. திருமணத்தைப் பதிவது தேசியப் பதிவிலாகா. நாட்டில் தங்க அனுமதி தருவது குடிநுழைவுத் துறை. முதலாவது கொடுத்த சான்றிதழை வைத்துக்கொண்டு, இரண்டாவது தரவேண்டியதும் கிடைத்துவிட்டதாக நினைத்துச் சிக்கிக்கொள்ளும் குடும்பங்கள் ஜொகூர் தோட்டப்புறங்களில் இன்றும் உண்டு. குளுவாங்குக்கும் லாயாங்-லாயாங்குக்கும் நடுவே ரயில் பாதையோரம் இருக்கும் ரெங்கம், ரப்பரும் பிறகு செம்பனையும் வளர்த்த தோட்டங்களைச் சுற்றி எழுந்த சிற்றூர். இந்தத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் ஊருக்குப் போய்ப் பெண் கட்டி வருவது ஆரம்ப காலத்திலிருந்தே உள்ள பழக்கம். அதற்குக் காகிதம் தேவைப்பட்டதுதான் பிற்காலத்துச் சங்கதி.

ஜொகூர் மாநில ரயில் பாதை 1909-இல் முடிந்த பிறகுதான் மாநிலத்தின் உட்பகுதிக் காடுகள் வேகமாக ரப்பர் தோட்டங்களாயின. தோட்ட நிர்வாகம் கங்காணியை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பி ஆள் சேர்த்தது. வந்தவர்களில் ஆண்களே மிகுதி. சில வருடம் பால்மரம் சீவிச் சேர்த்த காசோடு கப்பலேறிப் போய், சொந்தத்திலோ பக்கத்து ஊரிலோ பெண் பார்த்து முடித்து, மனைவியோடு திரும்பிவந்து லயத்தில் குடியேறுவார்கள். 1926-இல் கட்டப்பட்டு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஓடிய ரஜுலா கப்பலில் இப்படி வந்திறங்கிய புதுப்பெண்கள் ஏராளம். மலாயாவும் இந்தியாவும் ஒரே பேரரசின் கீழ் இருந்ததால், மனைவி என்பதற்கு அத்தாட்சி காட்டு என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை.

அந்தத் தாராளம் இரண்டு கட்டங்களில் சுருங்கியது. 1938 ஜூன் 15 அன்று, மலாயாவுக்கு உதவித்தொகையில் கூலித் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. 1953 ஆகஸ்ட் 1 முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் மலாயாவின் பக்கமிருந்து கதவைச் சாத்தியது. அதன்பின் வரமுடிந்தவர்கள் தனித்திறன் உள்ளவர்களும், ஏற்கெனவே குடியேறியிருந்தவர்களின் மனைவி மக்களும்தாம். இன்று நடப்பிலிருக்கும் 1959/63 குடிநுழைவுச் சட்டத்திலும் இந்தப் பார்வை அப்படியே தங்கிவிட்டது: கணவனுக்குத் தரப்பட்ட நுழைவு அனுமதியில் மனைவியின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் சேர்க்கலாம் என்கிறது அதன் 12-ஆவது பிரிவு. குடியேறுபவன் ஆண், பின்னால் வருபவள் அவனை அண்டி வாழ்பவள் என்று தோட்ட லயத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும் இந்த எண்ணம், பின்வரும் விதிகள் பலவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டால், புரியாத பல விதிகள் புரிந்துவிடும். அவை நியாயமானவையா என்பது வேறு கேள்வி.

திருமணத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஆள்கிறது; திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் என்று பெயர். அது அமலுக்கு வந்தது 1982 மார்ச் 1. அந்தத் தேதிக்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைப் பதிவு இல்லாமலேயே சட்டம் ஏற்றுக்கொண்டது. தோட்டத்துப் பாட்டிகள், “எங்க கல்யாணத்துக்கு என்ன சர்டிபிகேட்டு இருந்துச்சு?” என்று கேட்பது அவர்கள் காலத்துக்குச் சரிதான். அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்த பேரன், கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்தது என்று இருந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அவன் இன்னும் பிரம்மச்சாரி. உதவிப் பதிவாளராக நியமிக்கப்பட்டவர் இருக்கும் கோயிலில் சடங்கும் பதிவும் ஒரே நாளில் முடியும். அப்படி ஒருவர் இல்லாத கோயிலில் தாலி மட்டுமே ஏறும்.

கல்யாணத்தை எங்கே நடத்துவது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். மலேசியாவிலேயே நடத்துவதானால், மனு கொடுப்பதற்கு முந்தைய 7 நாளும் இருவரும் அந்தத் திருமணப் பதிவு வட்டாரத்தில் தங்கியிருக்க வேண்டும். மனு கொடுத்த பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆகமொத்தம் 28 நாள். இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் வந்து தங்கக் கிடைக்கும் காலம் 30 நாள். மீதி இரண்டு நாளில் பதிவும் சடங்கும் முடியவேண்டும்; நடுவில் ஒரு பொதுவிடுமுறை வந்தால் கணக்கு கவிழும். காத்திருப்பைத் தவிர்க்க மாநில முதல்வரிடம் சிறப்பு உரிமம் கேட்க வழி உண்டு. வெளிநாட்டவர், தாம் மணமாகாதவர் என்பதற்குத் தம் நாட்டுத் தூதரகத்திடமிருந்து கடிதமும் கொண்டுவர வேண்டும்.

இந்தச் சங்கடங்களால் பலரும் ஊரிலேயே கல்யாணத்தை முடித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயம். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்ததாகத் தோன்றும். மலேசியச் சட்டம் அதோடு விடுவதில்லை. வெளிநாட்டில் மணம் முடித்த குடிமகன் ஆறு மாதத்துக்குள் அருகிலுள்ள மலேசியத் தூதரகத்தில் பதியவேண்டும். தமிழ்நாட்டுக்கு அது சென்னையிலிருக்கும் துணைத் தூதரகம். அதற்குள் நாடு திரும்புவதானால், வந்த ஆறு மாதத்துக்குள் இங்கே பதியலாம். கெடு தாண்டினால் தாமதப் பதிவுக்கான விளக்கம், கூடுதல் ஆவணம் என்று நீளும்.

ஆவணங்களில் அதிகம் தடுமாறவைப்பது பெயர். தமிழ்நாட்டுப் பெண்ணின் பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் பெயர் ஒற்றைத் தலைப்பெழுத்தாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே பெயர் விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அல்லது பெயரே எழுதப்படாமல் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். மலேசியாவில் பெயருக்கு நடுவே மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் வரும். அந்த முறைக்குப் பழகிய கௌண்டர் அதிகாரிக்கு, பெண்ணின் மூன்று ஆவணங்களும் மூன்று வெவ்வேறு ஆட்கள். ஊரில் இருக்கும்போதே பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றி, மொழிபெயர்த்து, இந்திய வெளியுறவு அமைச்சின் சான்றும் மலேசியத் துணைத் தூதரகத்தின் முத்திரையும் வாங்கிவிடுவது, பிறகு கடல் தாண்டி ஆள் அனுப்பி அலைவதைவிட எவ்வளவோ மேல்.

மணமகனோ மணமகளோ முஸ்லிமாக இருந்தால் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. இந்தோனேசியாவிலிருந்து வந்த முஸ்லிம் பெண்ணும் தோட்டத்து இந்து இளைஞனும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தாலும், இளைஞன் முஸ்லிமாகி இருவரும் ஷரியா முறைப்படி மணந்தாலொழிய அந்த உறவுக்கு மலேசியாவில் பதிவு கிடையாது. இதன் பாரம் பிள்ளைகள் தலையில் விழும்.

திருமணம் பதிவான பிறகு தங்கும் அனுமதி. அதன் பெயர் நீண்டகாலச் சமூக வருகை பாஸ். பேச்சில் வெறும் ‘பாஸ்’. பெயரிலேயே வருகை என்றுதான் இருக்கிறது, வாழ்க்கை என்று இல்லை. ரெங்கத்துக்காரர்கள் இதற்குப் போகவேண்டிய பெரிய அலுவலகம் ஜொகூர் பாருவின் செத்தியா திரோப்பிக்காவில் இருக்கிறது. தென்பக்கம் சுமார் ஒரு மணி நேரக் கார்ப் பயணம். கணவன், மனைவி இருவரும் நேரில் போகவேண்டும். கையில் ஐஎம்எம்.12, ஐஎம்எம்.38, ஐஎம்எம்.55 பாரங்கள், திருமணச் சான்றிதழ், மைகார்டு என்னும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகல், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், உத்தரவாதப் பத்திரம், கல்யாணப் போட்டோக்கள். போட்டோவில் மாலையும் மணவறையும் மட்டும் இருந்தால் போதாது. இரு வீட்டாரும் நிற்பது நல்லது. பேட்டியில் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, எப்படிப் பழக்கம், யார் பேசி முடித்தது, மாமியார் பெயர் என்ன என்று கேட்பதுண்டு. வேலைக்காகப் போலிக் கல்யாணம் செய்துகொள்பவர்களைப் பிடிப்பதற்கான கேள்விகள் அவை. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில், மணமகனைப் பற்றி மனைவிக்கே அதிகம் தெரியாது என்பதை அந்தக் கேள்விகளை வகுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஜொகூரில் 2014 முதல் 2024 முடிய வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2025 ஜனவரி 1 முதல் அது மறுபடி சனி, ஞாயிறு ஆகியது. சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை: முன்பு ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆபீஸ் திறந்திருக்கும், லீவு போடாமலே பாஸ் வேலையைப் பார்த்துவிடலாம். இப்போது இரு பக்கமும் ஒரே நாளில் ஓய்வு என்பதால் ஒருநாள் சம்பளத்தை விடவேண்டியிருக்கிறது.

பாஸ் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ தரப்படும்; புதுப்பிக்கும்போது போகப்போகக் கூடுதல் ஆண்டுகள் கிடைக்கும், உச்சம் ஐந்து ஆண்டு. ஒவ்வொரு முறையும் மலேசியத் துணை உடன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தேதியைத் தவறவிட்டால் மனைவி என்ற உறவு காப்பாற்றாது. அனுமதிக் காலம் தாண்டித் தங்குவதற்குக் குடிநுழைவுச் சட்டம் சொல்லும் தண்டனை, 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பாஸில் வந்தவர் நினைத்த உடன் வேலைக்குப் போய்விட முடியாது. அதற்குக் குடிநுழைவுத் துறையின் அனுமதியைத் தனியாகப் பெறவேண்டும். மதுரையில் பி.எட். முடித்த பெண் ரெங்கத்தில் டியூஷன் சென்டரில் சேரவும், நர்ஸ் படித்தவர் கிளினிக்கில் சேரவும் இது பொருந்தும். ஒரு வருட பாஸ் வைத்திருப்பவரை நம்பி வேலை கொடுக்க முதலாளிகளும் தயங்குவார்கள். வங்கிக் கணக்கு திறப்பதும் கைபேசி எண் வாங்குவதும் கணவன் பெயரிலேயே முடிந்துவிடுகின்றன. அரசாங்க கிளினிக்கில் குடிமகன் 1 ரிங்கிட் கட்டிப் பார்த்துவரும் வைத்தியத்துக்கு இவர் வெளிநாட்டவர் கட்டணம் கொடுக்கவேண்டும். வித்தியாசம் பெரிதாகத் தெரிவது குளுவாங்கின் என்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனையில் படுக்கை போடும்போதும் பிரசவத்தின்போதும்.

வெளியூர்ப் பெண்ணுக்கு மொழி சிக்கலாகாது என்று நினைப்பதும் பாதி உண்மைதான். கோயிலிலும் மளிகைக் கடையிலும் தமிழ் போதும். காலையில் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டால் திகைப்பது ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்காது. கிளினிக், பள்ளிக்கூடம், போலீஸ் நிலையம், அரசு பாரங்கள் எல்லாம் மலாய். கார் ஓட்டத் தெரியாவிட்டால் தோட்டத்து வீட்டிலிருந்து குளுவாங் போவதற்கே யாராவது கூட வரவேண்டும். பாஸ் கணவனைச் சார்ந்தது, போக்குவரத்தும் கணவனைச் சார்ந்தது என்று இரண்டும் சேரும்போது, நல்ல வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்க்கு அது சிரமம். மோசமான வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்க்கு அது சிறை.

ஐந்து ஆண்டு தொடர்ந்து பாஸில் வாழ்ந்தவர் நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு மனுச் செய்யலாம். கிடைத்தால் கைக்கு வருவது மைபிஆர், சிவப்பு அட்டை. தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சிவப்பு அட்டை என்றால் பழைய கசப்பும் நினைவுக்கு வரும்: சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமை பெறாமல் அந்த அட்டையோடு நின்றுபோன தோட்டத் தொழிலாளர்களுக்கு 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டது; ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இன்றைய மனு அப்படிப்பட்ட ஆபத்து நிறைந்ததல்ல, ஆனால் காத்திருப்பு நீளம். மனு தள்ளுபடியானால் காரணம் சொல்லப்படுவதில்லை.

சிவப்பு அட்டைக்கு அடுத்தது குடியுரிமை. இங்கேதான் மனைவிக்கும் கணவனுக்கும் பாதை பிரிகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 15(1)-ஆவது பிரிவு, குடிமகனின் மனைவி இரண்டு ஆண்டு நாட்டில் வசித்து, நிரந்தரமாகத் தங்கும் எண்ணமும் நன்னடத்தையும் உள்ளவராக இருந்தால் குடிமகளாகப் பதிவு பெறலாம் என்கிறது. நடைமுறையில் அந்த இரண்டு ஆண்டு சிவப்பு அட்டை கிடைத்த பிறகே எண்ணப்படுகிறது. குடிமகளின் கணவனுக்கு இதற்கு இணையான பிரிவே கிடையாது. எந்த வெளிநாட்டவரையும் போல அவர் 19-ஆவது பிரிவின் கீழ், 12 ஆண்டில் 10 ஆண்டு வசித்து, போதிய மலாய் அறிவோடு மனுச் செய்யவேண்டும்.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு இன்னொரு தடையும் உண்டு. தோட்டத்திலோ சாப்பாட்டுக் கடையிலோ முடிவெட்டும் கடையிலோ தற்காலிக வேலை பாஸில் இருப்பவர், அந்த பாஸ் உள்ளவரை மலேசியாவில் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்பது நிபந்தனை. ரெங்கத்துப் பெண் அப்படியொருவரை விரும்பிக் கோயிலில் மணந்தால், பதிவு மறுக்கப்படும். விஷயம் வெளியே தெரிந்தால் அவருடைய வேலை பாஸும் போகும். அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பி, அங்கே திருமணத்தைப் பதிந்து, கணவன் என்ற தகுதியில் புதிதாக நுழைவதுதான் சட்டப்படியான வழி. இந்த நீண்ட சுற்றுக்குப் பொறுமையில்லாமல் மறைவாகக் குடும்பம் நடத்துபவர்களுக்குப் பிள்ளை பிறக்கும்போதுதான் உண்மை நிலை தெரியும்.

பிள்ளைகளின் குடியுரிமையில் கல்யாணப் பதிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு விதி போதும். முறைப்படி மணக்காத பெற்றோரின் பிள்ளைக்கு, குடியுரிமை விஷயத்தில் தகப்பன் என்று எழுதிய இடமெல்லாம் தாய் என்று கொள்ளவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை. அதாவது, தாய் வெளிநாட்டவர், தகப்பன் மலேசியர், கல்யாணம் கோயிலோடு நின்றுவிட்டது என்றால், குளுவாங்கில் பிறந்து ரெங்கத்தில் வளரும் பிள்ளை மலேசியக் குடிமகன் ஆகாது. பிறந்த பிறகு பெற்றோர் ஓடிப்போய்ப் பதிந்தாலும் தானாகச் சரியாகிவிடாது. மலேசியத் தகப்பனுக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் மணத்துக்கு முன் பிறந்த பிள்ளையின் வழக்கில், 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் பிள்ளைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அதற்குப் பின் உள்துறை அமைச்சிடம் சிறப்பு மனுதான் கதி. பள்ளிச் சேர்க்கையில் தொடங்கிப் பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் மைகார்டு எடுக்கும் நாள்வரை அந்தப் பிள்ளை ஒவ்வொரு வாசலிலும் நிற்கும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தையும் இங்கே யோசிக்கவேண்டும். ரெங்கத்து மருமகள் பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போய்ப் பெற்றுவந்தால், தகப்பன் மலேசியாவில் பிறந்த குடிமகனாகவும் திருமணம் முறையானதாகவும் இருக்கும் பட்சத்தில், பிள்ளை சட்டப்படியே குடிமகன். ஓராண்டுக்குள் சென்னைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துவிட்டால் அத்தாட்சிக்கு அலையவேண்டாம். ரெங்கத்து மகள் வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தால் கதை வேறு. அவள் அங்கே பெற்றால், கீழே சொல்லும் திருத்தம் அமலுக்கு வரும்வரை, பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடையாது. இங்கே வந்து பெற்றால் உண்டு. அவளைப் பொறுத்தவரை பழைய வழக்கம் புதிய சட்டத்துக்கு மிகப் பொருத்தம்.

இந்தப் பாகுபாட்டை எதிர்த்து, ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் அமைப்பும் ஆறு தாய்மாரும் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தாய்மார் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-க்கு 1 என்று அதை மாற்றியது. கடைசியில், தாய்மாருக்கும் அந்த உரிமையைத் தரும்படி அரசியலமைப்பையே திருத்தும் மசோதா 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையிலும் டிசம்பரில் மேலவையிலும் நிறைவேறியது. திருத்தம் அமலுக்கு வந்த பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கே அது பொருந்தும். முன்பே பிறந்தவர்களுக்கு இல்லை.

அதே மசோதாவில் வெளிநாட்டு மனைவியருக்குப் பாதகமான ஒரு மாற்றமும் கூடவே வந்தது. பழைய 26(2)-ஆவது பிரிவின்படி, திருமணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மணவிலக்கு நடந்தால் மனைவியின் குடியுரிமையைப் பறிக்கலாம். குடியுரிமை கிடைக்கவே பல ஆண்டு ஆகும் என்பதால் அந்த விதி ஏட்டோடு இருந்தது. திருத்தம் அந்த இரண்டு ஆண்டைக் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. இந்திய பாஸ்போர்ட்டைத் துறந்து வந்த பெண்ணுக்கு இது எந்த நாடும் இல்லாமல் நிற்கும் வாய்ப்பைத் திறந்துவிடுகிறது. போலிக் கல்யாணத்தைத் தடுக்கவே இது என்று சொல்லப்பட்டது. பத்து வருடம் பாஸுக்கும் சிவப்பு அட்டைக்கும் வரிசையில் நின்றவளைப் போலி மனைவி என்று சந்தேகிப்பது வலுவான வாதமாகப் படவில்லை.

குடியுரிமை வரை போகாமல் பாஸிலேயே இருப்பவரின் நிலை இன்னும் உறுதியற்றது. கணவன் புதுப்பிக்க வர மறுத்தாலும், மணவிலக்கு ஆனாலும், இறந்தாலும், பாஸின் அடிப்படை போய்விடும். பிள்ளைகள் மலேசியர்களாக இருப்பதைக் காட்டித் தொடர்ந்து தங்க அனுமதி கேட்கலாம். கொடுப்பது அதிகாரியின் விருப்பம். வீட்டில் அடி உதை என்றால் 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வெளிநாட்டு மனைவிக்கும் பாதுகாப்புத் தருகிறது. போலீஸ் புகாரின் நகலையும் தன் பாஸ்போர்ட்டையும் சொந்தக் கையில் வைத்திருப்பது முக்கியம்; பாஸ்போர்ட்டை மாமியார் அலமாரியில் பத்திரமாகப் பூட்டிவைப்பது பல வீடுகளில் நல்லெண்ணத்தோடுதான் நடக்கிறது என்றாலும்.

மலேசியாவும் இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மலேசியக் குடிமகளாகும் நாளில் இந்தியக் குடியுரிமை முடிந்துபோகும். இந்திய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கவேண்டும். அதன்பின், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டை எடுத்தால் தாய்வீட்டுக்கு விசா இல்லாமல் போய்வரலாம், எத்தனை நாளும் தங்கலாம். அந்த அட்டையை வைத்து ஊரில் வயலோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. தகப்பனார் விட்டுப்போன நிலத்தில் பங்கு வந்தால் அதைப் பெறத் தடை இல்லை.